மூன்று நாள் கொட்டடி

ஏரல்
பரிதாபி வருஷம் ஆனி 4

சிரஞ்சீவி தம்பி வைத்தியலிங்கத்துக்கு அக்காள் உலகம்மாள் ஆசீர்வாதம். அத்தான் காலமானதிலிருந்து உன் மருமகன் முத்துமாலை என் கைக்குள் நிற்கவில்லை. பதினைந்து வயசுதான். பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். நேற்று சந்தையில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் சோறு கேட்கிறான். போலீஸ் ரைட்டராக ஒரு தாய்மாமன் இருந்து எனக்கு என்ன புண்ணியம்? அவனைக் கூட்டிப் போய் மூன்று நாள் கொட்டடியில் போடு. அடிக்காதே. பயந்தால் போதும்.

உலகம்மாள்

முகாம்
ஆனி 15

அக்காள் அவர்களுக்கு நமஸ்காரம். சொன்னபடி செய்தேன். கேஸ் இல்லாததால் ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதவில்லை. இருப்பது ஒரே அறை. வழிப்பறியில் பிடிபட்ட நாலு பேர் அதில் கிடக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் பயம் இன்னும் ஏறும் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் அழுதான். மூன்றாம் நாள் சத்தமே இல்லை. நாளை அனுப்புகிறேன். கவலைப்படாதீர்கள்.

வைத்தியலிங்கம்

ஏரல்
ஆவணி 9

தம்பிக்கு,

திரும்பி வந்தவன் எதிர்த்துப் பேசவில்லை. உன்னைக் கொண்டாடினேன். பிறகொரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "அங்கன பெரிய அண்ணாச்சி ஒருத்தர் அவர் சோத்துல பாதிய எனக்குத் தந்தாரும்மா. அப்பாவப் பத்திக் கேட்டார். அப்பா செத்த பொறவு யாருமே கேக்கல."

ஆடியில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். இவன் அவரைத் தேடிப் போய்விட்டான். நாங்குநேரி சாலையில் வண்டியை மறித்து வியாபாரியைக் கொன்றவர்களோடு இவனும் நின்றது உனக்கே தெரியும்.

அந்தக் கூட்டத்தை இவன் கண்டதே உன் கொட்டடியில்தான் என்று நீ கோர்ட்டில் சொன்னால், ஜட்ஜ் இரங்கிச் சிறுவர் ஜெயிலோடு விடலாம் என்கிறார் வக்கீல். உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உலகம்மாள்

முகாம்
ஆவணி 16

அக்காள் அவர்களுக்கு,

எனக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். வேறென்ன எழுத?

வைத்தியலிங்கம்

ஏரல்
மார்கழி 2

வைத்தியலிங்கத்துக்கு,

அடைக்கச் சொன்னது நான்தான் என்று கூண்டில் ஏறிச் சொன்னேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்று நீ புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாய். என்னைப் பார்க்கவில்லை.

சோறு தந்த அந்த மனுஷனுக்கும் இவனுக்கும் அந்தமான்.

வண்டியில் ஏறும்போது விலங்கு தட்டி இவன் தடுமாறினான். நான் ஓடுவதற்குள் அவர், "பைய ஏறுலே" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். என் பிள்ளையைக் கெடுத்த பாவி. ஆனாலும், போகிற இடத்தில் இவனுக்கு ஒருத்தர் இருக்கிறாரே என்று என் மனசு ஆறிவிட்டது. பெற்றவளுக்கு வேறு ஆறுதல் கிடைக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

உலகம்மாள்