கறுத்த மணலின் சத்தம்

வெயில் ஏறும்போது கருவாட்டுக் கொட்டிலின் தகரம் சத்தம் போடும். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். சூட்டில் தகரம் விரிகிற சத்தம் அது. கொட்டிலைக் கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்று காலை அது கேட்டதும் கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். வீட்டுக்குள்ளே மகள் நஸீமா காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். விட்டு விட்டு வருகிற காய்ச்சல். முகம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. அப்படியொரு வெளிறலை இதற்கு முன் ஒரு முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது உம்முடைய முகம்.

அலுமாரிக்கு மேலே சீலையால் மூடி வைத்திருந்த உமது கருவிப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பதில் போட முடியாத ஆளுக்குக் கடிதம் எழுதுகிறவனை விசரன் என்பார்கள். சொல்லட்டும். இந்தப் பயத்தை வேறு ஆரிடம் சொன்னாலும் மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் போய்விடும். உம்மிடம் சொன்னால் எங்கேயும் போகாது.

மாரிக் கடல் குழம்பி, மீன்பாடு நின்றுபோயிருந்த காலத்தில் இந்தப் பெட்டியை மடியில் வைத்தபடி முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினீர். சீமையில் பெரிய ஆராய்ச்சி செய்த ஆள் என்று சொன்னார்கள். என் முன்னால் நின்றவரோ செருப்பில் உருத்திரபுரத்து வயல்சேறு காயாத ஒரு மெலிந்த மனிதர். தகப்பனார் நடமாட்டம் இல்லாமல் விழுந்ததால் வேலையை விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினதாகச் சொன்னீர். வயல்களில் தண்ணீர் இறைக்கிற மெசின்களின் மின்பொறி உமது கருவியைக் குழப்புகிறது, மீன் இல்லாத காலத்தில் சும்மா கிடக்கிற என் கொட்டிலில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டீர்.

ஒருத்தன் இடம் கேட்டால் அதில் அவனுக்கு என்ன இலாபம் என்றுதான் என் புத்தி முதலில் போகும். எப்படிப் புரட்டிப் பார்த்தும் உமக்கு ஒரு இலாபமும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். இடத்தைத் தந்துவிட்டு, காவல் பார்க்கிற சாட்டில் தினமும் வந்து பக்கத்தில் குந்தினேன்.

சீமையில் ஒரு ஊர் அளவுக்கு வட்டமாக இயந்திரம் கட்டி, அதற்குள் அணுவிலும் சிறிய துகள்களைச் சுழற்றி விரட்டி ஒன்றில் மோத விடுவார்கள், இப்போது எதிரெதிராக விட்டே மோத வைக்கவும் தொடங்கிவிட்டார்கள் என்றீர். மோதி என்ன வருகிறது என்று பார்ப்பதற்காம். கண்ணுக்குத் தெரியாததை மோத விட்டு, கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்க இவ்வளவு செலவா என்று சிரித்தேன். நீரும் சிரித்தீர். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நீரும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவீர்.

"ஒட்டுசுட்டான் பாதையிலை போறபோது நீங்கள் யானையைக் கண்டோ திரும்புறனீங்கள், நானா? முறிஞ்ச கொப்பைக் கண்டுதானே."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. அந்தப் பாதையில் லொறியைத் திருப்பி உயிர் தப்பினவன் நான். முறிந்த கொப்பைப் பார்த்தால் எது போனது, எந்தப் பக்கம் போனது என்று தெரியும். உமது தொழிலும் அதுதான் என்று விளங்கியது.

சீமை இயந்திரம் இங்கே இல்லை. ஆனால் வானத்திலிருந்து அதே மாதிரித் துகள்கள் எந்நேரமும் விழுகின்றன, அதற்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை என்றீர். பெட்டியிலிருந்து எடுத்து ஒரு குழாயை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்தீர். ஏதாவது உள்ளே நுழைந்தால் குழாய் டிக் என்னும். இரண்டும் ஒரே கணத்தில் அடித்தால் சின்னச் சிவப்பு விளக்கு மின்னும்.

"ஒரு குழாய் மட்டும் கத்தினால் நம்பாதேங்கோ. அது அக்கம்பக்கத்துச் சத்தம். ரெண்டும் ஒண்டாக் கத்தினால்தான் மேலை இருந்து வந்தது."

வேலை தொடங்க முதல், பெற்றோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மெண்டில் ஒன்றை என் கடையிலிருந்து எடுத்துவந்து குழாயின் கிட்டப் பிடிப்பீர். உடனே படபடவென்று அடிக்கும். மெண்டிலில் தோரியம் என்ற சாமான் கலந்திருக்கிறது, அது ஓயாமல் துகள்களை விட்டுக்கொண்டிருக்கும் என்றீர். அதைக் கேட்டு என் கை தானாகவே பின்னால் போனது. விற்கிற சரக்கல்லவா. விளக்கில் கட்டாமல் மெண்டிலை மோந்து பார்க்க வைக்கிற வாடிக்கையாளர் உலகத்தில் நீர் ஒருத்தர்தான் என்று பகிடி பண்ணினேன். நீர் பகிடியாக எடுக்கவில்லை.

"குழாய் பேசாமல் இருந்தால் அங்கை ஒண்டும் இல்லை எண்டு நினைக்கக் கூடாது, நானா. குழாய் செத்தும் இருக்கலாம். உள்ளுக்கை இருக்கிற வாயுவுக்கும் ஆயுள் இருக்கு. முதல் அதைப் பாக்க வேணும்."

மாரி போய்க் கடல் தெளிந்தது. அந்த வருடம் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். கொக்கிளாய்ப் பக்கம் கரையில் கறுத்த மணல் கிடக்கும். வெயிலில் வெள்ளை மணலைவிட அது கெதியில் சூடேறும். அதைப் பரப்பிப் பாய் விரித்துக் காயப்போட்டால் மற்றவர்களுக்கு முன்னால் என் கருவாடு சந்தைக்குப் போய்விடும். லொறியில் ஏற்றி வந்து முற்றத்தில் பரப்பினேன். மிச்சத்தைக் கொட்டிலுக்குள் குவித்து, மேலே சாக்கு விரித்துக் காய்ந்த கருவாட்டை அடுக்கினேன்.

கொஞ்ச நாள் வயலுக்குப் போய்விட்டு வந்த காலை நீர் குழாயைத் தொட்டும் தொடாததுமாக அது கத்தத் தொடங்கியது. மெண்டில் பெட்டிக்குள் இருந்தது. சிவப்பு விளக்கு மின்னவில்லை. கீழ்க் குழாய் மட்டும் தனியாக, மூச்சு விடாமல் அடித்தது. நீர் கழற்றிக் கையில் எடுத்தீர். கருவாட்டுப் பக்கம் கொண்டுபோகக் கொண்டுபோக அடி கூடியது.

அந்த நாட்களில் பேப்பரில் வந்துகொண்டிருந்த செய்தி உமக்கும் தெரியும். எங்கேயோ கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்களாம், சாம்பல் விழுந்து மீன் நஞ்சாகிறதாம். தேத்தண்ணிக் கடையில் அதை வாசித்துச் சிரித்தவன் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரம் போனால் போகட்டும், இன்னொன்று செய்து பிழைப்பேன். என் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தா. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. வேறு எதையும் வாயில் வைக்கப் பிடிக்காமல், இந்தக் கொட்டிலின் கருவாட்டைச் சுட்டுச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

"மீனோ?" என்று கேட்டேன்.

"தெரியாது, நானா. பாத்துட்டுச் சொல்லுறன்."

ஒரு கருவாட்டை எடுத்துக் கிணற்றடிக்குப் போய்க் கழுவினீர். நான் பின்னாலேயே ஓடினேன். குவியலிலிருந்து தள்ளி நின்று குழாயைப் பிடித்தீர். இடைக்கிடை ஒரு டிக். எப்போதும் கேட்கிறதுதான். இன்னொன்றைக் கழுவிப் பார்த்தீர். அதுவும் அப்படியே. பிறகு மெண்டிலைக் காட்டிக் குழாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தீர். உயிரோடுதான் இருந்தது. அதன்பிறகு உள்ளே போய்ச் சாக்கை விலக்கி, குழாயை மணலுக்குக் கிட்ட இறக்கினீர். சட்டியில் எள் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

மெண்டிலில் இருக்கிற அதே சாமான் இந்த மணலிலும் இயற்கையாகவே கலந்திருக்கிறது, குண்டு ஒன்றும் இல்லை, மீனில் பிழையில்லை என்றீர். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றும்விட்டது. பிள்ளைப்பேற்றுக்கென்று கட்டின புது அறையின் நிலத்துக்கு, சும்மா ஏன் வீணாக்குவான் என்று, மிஞ்சின கறுத்த மணலைப் போட்டு மெழுகியிருந்தேன். அவா பாய் போட்டுப் படுப்பது அதில்தான்.

அந்த அறைப் பக்கம் கை காட்டினேன். நீர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்.

அறை வாசலில் நின்று நீர் குனிந்தீர். குழாய் கத்தியது. மனைவி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, உங்கடை சிநேகிதர் இப்ப நிலத்துக்கும் நாடி பிடிக்கிறாரோ என்று கேட்டா. நீர் சிரிக்க முயற்சி செய்தீர். அந்த முயற்சியைக் கண்டுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

முற்றத்துக்கு இழுத்துப்போய்க் கேட்டேன், பிள்ளைக்கு ஏதும் நடக்குமா என்று. எத்தனையோ பேரிடம் சாமான் வாங்கியிருக்கிறேன், என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறவனின் கண் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். உமது கண் நேரே என்னைப் பார்த்தது.

"தெரியாது. இந்தளவுக்கு என்ன செய்யும் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. தெரியாத சாமானுக்கு மேலை அவாவைப் படுக்க விடாதேங்கோ."

பொழுது சாய முன்னமே நீரும் நானும் அந்த நிலத்தைக் கொத்தி எடுத்தோம். கொட்டில் மணலையும் முற்றத்து மணலையும் அள்ளினோம். படித்த மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்ததைப் பார்த்து ஊரார் நான் புதையல் எடுத்துவிட்டதாகக் கதை கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. புதையல் கதை வியாபாரத்துக்குக் கெடுதல் செய்யாது, மற்றக் கதை செய்யும். லொறியில் ஏற்றி, எடுத்த கரையிலேயே கொண்டுபோய்க் கொட்டினோம்.

நஸீமா பிறந்த அன்றைக்கு நீர் வேலிக்கு வெளியே நின்றீர். உள்ளே வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்: பிள்ளை பால் குடிக்கிறதா? ஓம் என்றேன். பாதையோர மதகுக் கட்டில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டீர். என் பயத்தை நான் மட்டும் சுமக்கவில்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு உமக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. வயலில் மழையில் நனைந்ததால் வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள், நீரும் அப்படித்தான் நினைத்தீர். கொழும்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து இரத்தப் புற்று என்றபோது பிந்திப்போயிருந்தது. கட்டிலில் உம்மைப் பார்க்க வந்தபோது கேட்கக்கூடாததை நான் கேட்டேன்: சீமை இயந்திரத்தடியில் நின்றதாலா, அந்த மெண்டிலாலா, என் மணலாலா? நீர் கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னீர்.

"தெரியாது, நானா. எனக்கும் தெரிய விருப்பம்தான்."

பாத்துட்டுச் சொல்லுறன் என்று அந்த முறை நீர் சொல்லவில்லை. உருத்திரபுரத்தில் உம்மை எரித்த இடத்தில் கடைசிவரை நின்றுவிட்டு வந்தேன். படுக்கையில் கிடந்தபடியே உமது தகப்பனார் பெட்டியை என் கையில் தந்தார்.

இன்று காலை வவுனியாவிலிருந்து எடுப்பித்த புதுப் பற்றரியைப் போட்டு, மகளின் பாய் ஓரம் குழாயைப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்றா. நானும் சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், உமது ஞாபகம் வந்தது. கடைக்குப் போய் ஒரு மெண்டில் எடுத்துவந்து குழாயில் முட்டப் பிடித்தேன். அதற்கும் சத்தம் இல்லை. குழாய் செத்துப்போயிருக்கிறது. அந்த அமைதி எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

இங்கே மருந்து தருகிறவர் சாதாரணக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் ஒற்றைக் குழாய். எதைப் பார்த்துச் சொல்கிறீர் என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார். வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களும் அதையே சொன்னால் நான் நம்புவேன். லொறிக்கு எண்ணெய் அடித்துவிட்டேன். பின்னால் மெத்தை போட்டாயிற்று. இதை மடித்து உமது பெட்டிக்குள் வைத்ததும் புறப்பட வேண்டும்.

நீர் போனபிறகு எத்தனையோ சரக்கு வாங்கி விற்றுவிட்டேன். உம்மிடம் கேட்டு வாங்கின அந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறேன். சற்று முன் நஸீமாவைத் தூக்கி மடியில் வைத்தபோது, வாப்பா, எனக்கு என்ன வருத்தம், ஏன் இந்தக் காய்ச்சல் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எந்தத் தகப்பனுக்கும் நாக்கு வரும். எனக்கும் வந்தது.

"தெரியாது, மகள்," என்றேன். "பாத்துட்டுச் சொல்லுறன்."