முள் தூக்கும் இடம்

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக இன்று காலை உங்கள் ரிக்கார்டுப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு பீடி வாசனையும் வந்தது. எனக்குத் தெரியாமல் எங்கெங்கே ஒளித்துவைத்தீர்களோ, இனி ஒவ்வொன்றாகத் தெரியவரும். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் கோழிக் கிறுக்கல் இது. நீங்கள் திருத்தப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன், மாமா.

மேலாக இருந்தது அந்தச் சிங்கப்பூர் ரிக்கார்டு. அட்டையில் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி உருகி வழியும் முகங்கள். சினிமாப் பாட்டு கேட்டு நீங்கள் எழுதியதற்கு உங்கள் சித்தப்பா மகன் அனுப்பியது. முதல் தடவை போட்டபோது, ஆர்மோனியத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வாசித்த மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. அப்புறம் கிதார், டிரம். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை.

"பாடுறவனுக்குத் தொண்ட கட்டிடுச்சு போல" என்றேன்.

"சும்மா இரு. வாய்க்கால்ல மொதத் தண்ணி வர்ற மாதிரி இல்ல?" என்றீர்கள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் ஒருவன் நாலு வரி பாடுவான். அங்கே வந்ததும் முள்ளைத் தூக்கிவிடுவீர்கள். "பேச்சு வந்தா வம்பும் வரும்" என்பீர்கள். நம்முடையதுதான் ஊரில் ஒரே மைக்செட். எந்தக் கட்சிப் பாட்டைப் போட்டாலும் இன்னொரு கட்சி நம் வாசலுக்கு வந்துவிடும்.

கூலிப் பேச்சு நடந்த நாள் நினைவிருக்கிறதா? கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. கூலியை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்று நாங்கள் கரையிலேயே நின்றுவிட்டோம். அன்று முடியாவிட்டால் மறுநாள் லாரியில் வெளியூர் ஆட்கள், கூடவே போலீஸ். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பக்கத்து ஊரில் பார்த்திருந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பக்கம் பண்ணைக்காரர்கள், மறுபக்கம் நாங்கள், கையில் அரிவாளோடு. பேசி முடித்துவைக்க வரவேண்டிய தாசில்தாரின் ஜீப்பைக் காணோம். அவர்கள் சாமிப் பாட்டு போடச் சொன்னார்கள், எங்கள் ஆட்கள் சங்கப் பாட்டு. நீங்கள் இதைப் போட்டீர்கள்.

"இது எந்தக் கட்சிடா?" என்றார் பெரிய பண்ணை.

"வாயே தொறக்காத கட்சிங்க."

இரண்டாம் பக்கம் ஓடும்போது புளியமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய் சரிந்தது. "அந்த எடம் வந்தா தூக்கிடு" என்று என்னை உட்கார வைத்துவிட்டு மரத்தில் ஏறினீர்கள். அதே நேரம் நடு மைதானத்தில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்தபடி முள்ளைத் தூக்க மறந்துபோனேன். அந்த நாலு வரியும் எட்டு வயலுக்குக் கேட்டது. மைதானம் அப்படியே அடங்கியது.

"என்னடா சொல்றான் வெள்ளக்காரன்?" பெரிய பண்ணை எழுந்தார்.

"யாரைத் திட்டுறான்?" எங்கள் சங்கத் தலைவரும் எழுந்தார்.

ஏ பி சி தெரியாத நீங்கள் கிளையில் தொங்கியபடி சொன்னீர்கள்: "பசிக்குதுங்கிறான்ங்க."

"அவனுக்குமா? அப்ப அவனையும் அறுப்புல சேத்துக்குங்க" என்றாள் என் பக்கத்தில் இருந்த செல்லம்மா. முதலில் எங்கள் பக்கம் சிரித்தது. அப்புறம் பெரிய பண்ணையே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிடித்த சட்டைகளை விட்டுவிட்டார்கள். ஜீப் வந்தபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டதில் பாதி கிடைத்தது. மறுநாள் லாரி வரவில்லை. அது உங்களால்தான் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அங்கேயும் மீசையை முறுக்குவீர்கள். தாசில்தாரும் கெட்டிக்காரர்தான்.

"தூக்கச் சொன்னேனே?" என்று வீட்டில் கேட்டீர்கள்.

"நீங்க தொங்குன அழகைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். அது பொய் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

நம் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். "போடும்மா, அவன் நெசமா என்ன பாடுறான்னு கேட்டுச் சொல்றேன்" என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். போட்டேன். கிணற்று ஆர்மோனியம் வந்தது, கிதார் வந்தது. அந்த இடம் நெருங்கியது. இந்தத் தடவை நான் மறக்கவில்லை.

"ஏம்மா தூக்கிட்ட?" என்றாள்.

"பசிக்குதுங்கிறான். அப்பா அப்பவே சொல்லிட்டாரு. எழுந்திரு, சாப்பிடலாம்" என்றேன்.