இனி நிர்வாக அறங்காவலர் நான்

ஞாயிறு, இரவு

அப்பா பெயரில் உள்ள அறக்கட்டளைக்கு இன்று முதல் நான் நிர்வாக அறங்காவலர்.

கொல்லிமலையிலிருந்து படிக்க இறங்கி வரும் பெண்பிள்ளைகளுக்காக அப்பா சேந்தமங்கலத்தில் கட்டிய விடுதியை அண்ணன் மூடிவிட்டார். அந்த வளாகத்தில் இப்போது அவருடைய ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் நிற்கின்றன. அதனால்தான் நிர்வாகப் பொறுப்பிலிருந்து அவரை மாற்ற வேண்டும் என்று இன்று கூட்டத்தில் சொன்னேன்.

"கட்டிக் குடுத்து அனுப்புன புள்ளைக்கு இந்த ஊட்டுல என்ன பேச்சு?" என்றார் அண்ணன்.

"அப்பா பத்திரத்துல எம் பேரையும் எழுதித்தானுங்கண்ணா வெச்சிருக்காரு" என்றேன்.

அறங்காவலர்கள் மூன்றே பேர்: அண்ணன், அண்ணி, நான். அண்ணியைப் போன வருடம் சேர்த்ததே அண்ணன்தான், தன் பக்கம் ஒரு கை கூடட்டும் என்று. அந்தத் தைரியத்தில், "ஓட்டுப் போட்டே பாத்துக்கலாம்" என்று சிரித்தார்.

அண்ணி கணவரின் முகத்தைப் பார்க்காமல் எனக்காகக் கையைத் தூக்கினார். "அம்முணியே பாக்கட்டுமுங்க மாமா. அந்தப் புள்ளைங்க படிப்பு நம்மளால நிக்கக் கூடாதுங்க."

அண்ணன் எழுந்து காரில் போய் உட்கார்ந்தார். அண்ணியும் அதே காரில்தான் போக வேண்டியிருந்தது. வீட்டில் என்ன நடந்ததோ. அண்ணிக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

லாரிகளை நாளைக்கே வெளியே எடுக்கச் சொல்வேன். அண்ணன் வந்து கேட்டை மறித்து நின்றாலும் சொல்வேன். அதற்கு முன் விடிந்ததும் அண்ணியைப் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே விடாவிட்டால் தெருவில் நின்றே கூப்பிடுவேன்.