நான் கண்டதாகச் சொன்ன பிறை

1947 யூன் 8, ஞாயிறு. வெள்ளவத்தை

காலையில் கடற்கரைக்குப் போய் வந்தேன். வாசலிலிருந்து தண்டவாளம் வரை முன்னூற்றுப் பன்னிரண்டு காலடி. இஸ்ஸதீனின் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது. எழுபத்தொரு வயதில் இதைவிட என்ன வேண்டும்?

கடல் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்ததுபோல எல்லாம் வெள்ளை. இந்தக் கொப்பியில் எழுதப் பயமில்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஓதப்பள்ளியில் பழகிய அறபெழுத்தில்தான் நம் பேச்சை எழுதுகிறேன். மகன் ஷிப்லி இங்கிலீசு படித்தவன், அவனுக்கு இது ஓடாது. எழுத்து மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிறது. போன மாதம் ஒரு பக்கத்தில் முடிந்தது இப்போது மூன்று பக்கம்.

யூன் 10

மருமகள் றலியா ஊசியும் நூலுமாக வந்தாள். "மாமா, இதக் கோத்துத் தாங்க. உங்கட மகனுக்குக் கண்ணாடி போட்டும் ஏலா."

"கை நடுங்குது மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்" என்றேன்.

"கப்பல்ட கொடிய ஹாபர்ல இருந்தே பாத்துச் செல்லுற மனிசனுக்கு ஊசி பெரிய வேலயா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். முப்பத்தெட்டு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் அதுதான் என் வேலை. கண் அன்றைக்கு என் சோறு.

தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் மச்சான் ஸவாஹிருக்குக் கண் போனதும் ஒரு சாய்மானக் கதிரையில் உட்கார வைத்தார்கள். ஆறு வருடம். எழும்பினால் "எங்க போறீங்க?", இருமினால் "என்ன வேணும்?" கடைசியில் மௌத்தாகித்தான் அந்தக் கதிரையை விட்டு இறங்கினான். அந்தக் கதிரைக்குத்தான் பயப்படுகிறேன். கபுறுக் குழிக்கு அவ்வளவு பயமில்லை.

யூன் 15. மாவனல்லை

தனியாகத்தான் வந்தேன். வெள்ளவத்தையில் ஏறி, கோட்டையில் மாறி, ரம்புக்கனையில் இறங்கி பஸ். எந்த மேடை, எத்தனை படி, டிக்கட் ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. ஒருவரிடமும் கேட்கவில்லை.

மகள் ஸமீமாவின் வீட்டு வாசலில் றம்புட்டான் காய்த்துத் தொங்குகிறது. சிவப்புத் தெரியவில்லை. தோலை நகத்தால் கிள்ளும்போது வரும் சத்தமும் சாறும் முன்போலத்தான். மங்குஸ்தான் மடி நிறையத் தந்தாள். பதினொன்று தின்றேன்.

யூன் 19

மகா ஓயாவில் குளித்தேன். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தால் குருடன் யார், கண்ணுள்ளவன் யார்? திரும்பி வரும்போது ஏதண்டையில் கால் வழுகிற்று. ஒற்றை மரம் போட்ட அந்தப் பாலத்தை நாற்பது வருடமாகக் கடக்கிறேன். மழைக்குப் பழுதானதால் புதிய மரம் போட்டார்களாம். ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

நினைவு தவறவில்லை. மரம்தான் இடம் மாறிற்று. அதுதான் பயம் — உலகத்தில் யாராவது எதையாவது ஒரு சாண் தள்ளி வைத்தால் நான் விழுந்துவிடுவேன்.

யூலை 7. வெள்ளவத்தை

திரும்பி வந்தாயிற்று. இஸ்ஸதீன் கேட்டான்: "மஹ்றூப் நானா, பிறைக்குக் கண்ணத் தீட்டி வச்சீக்கா?"

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கரையில் நோன்புத் தலைப்பிறையை முதலில் காண்பவன் நான். மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே விரலை நீட்டிவிடுவேன். இந்த முறை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? படுத்தால் ஷிப்லி டாக்டரைக் கூட்டி வருவான். டாக்டர் முதலில் கண் இமையைத்தான் தூக்கிப் பார்ப்பான்.

யூலை 19, சனி

பின்னேரம் தண்டவாளக் கரையில் ஐம்பது அறுபது பேர். மேற்கே மேகம் என்றார்கள். எனக்கு மேகமும் வானமும் ஒன்றுதான். சூரியன் இறங்கியதைக் கன்னத்தில் சூடு குறைந்ததை வைத்து அறிந்தேன்.

ஓரிடத்தில் மேகம் கிழிந்தது போலிருக்கிறது. "அந்தா ஒரு கீறு… இல்ல, என்னமோ" என்றான் இஸ்ஸதீன். பிறகு, "மூடப் போகுது, நானா பாருங்க."

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியது காதுக்குத் தெரிந்தது.

"கண்டேன்" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. நோன்பு தொடங்க ஒரு நல்ல மனிதனின் சாட்சி போதும். பள்ளிவாசல் தலைவர் மக்கீன் ஹாஜியார் முறைப்படி கேட்டார்: "எந்தப் பக்கம் நிண்டிச்சி? கொம்பு எப்படி?"

"சூரியன் விழுந்த எடத்துக்கு எடப்பக்கம். கைய நீட்டினா அஞ்சு விரல் மேல. தோணி மாதிரி, கொம்பு கொஞ்சம் எடது பக்கம் சரிஞ்சி."

எனக்கு எங்கிருந்து வந்தது? முப்பத்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை நோன்பு இதே யூலையில் வரும். முதல் யுத்தம் தொடங்கிய அந்த நோன்பின் தலைப்பிறையைக் கொச்சிக்கடைக் கரையில் நின்று கண்டேன். அதை அப்படியே எடுத்துச் சொன்னேன். பழைய பிறையை இன்றைய வானத்தில் தொங்கவிட்டுவிட்டேன்.

"கண் எண்டா இது கண்" என்றார் ஹாஜியார். அதற்குள் மழை வந்தது.

யூலை 20

தலை நோன்பு. றலியா நோன்புக் கஞ்சி காய்ச்சினாள், இறைச்சித் துண்டு போட்டு, தேங்காய்ப்பால் விட்டு. நல்ல கஞ்சி. பாதியில் வைத்துவிட்டேன்.

நேற்றுப் பிறை இல்லாவிட்டால் என்னாகும்? அத்தனை சனமும் என் பொய்யால் ஒரு நாள் முந்தி நோன்பு பிடித்திருக்கிறது.

யூலை 28. மாவனல்லை

இங்கேயாவது யாராவது கண்ணால் கண்டிருப்பார்கள் என்ற ஆசையோடுதான் வந்தேன். மெதுவாக மருமகனிடம் விசாரித்தேன்.

"இங்க ஒரே மழை மாமா. கொழும்புல இருந்து தந்தி வந்திச்சி. வெள்ளவத்தப் பக்கம் ஒரு வயசாளி கண்டாராமே. அது நீங்கதானே?" பெருமையாகச் சிரித்தான். பள்ளியில் என்னை முதல் வரிசைக்குக் கூட்டிப்போய் நாலு பேரிடம் சொன்னான். ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

யா அல்லாஹ். இந்த ஊரும் என் தலையிலா?

ஓகஸ்ட் 2

ஆற்றுக்குப் போகவில்லை. ஸமீமா பலாக்கொட்டை சுட்டு வைத்தாள், நோன்பு திறந்தபின் தின்ன. என்ன மணம். இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

"வாப்பா, ஏன் இப்படி வாடிப் போனீங்க?"

"நோன்பு மகள்."

அவளிடமும் பொய்.

ஓகஸ்ட் 9. வெள்ளவத்தை

வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். ஒரு சாட்சியை நம்பித் தொடங்கிய நோன்பு முப்பது முடிந்தால், பிறை தெரியாவிட்டாலும் பெருநாள்தான். சட்டம் அது. நான் ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால், நோன்பு பிடிக்க வேண்டிய நாளில் சனம் புத்தாடை உடுத்துக்கொண்டு வட்டிலப்பம் தின்னும். ஒரு நாள் கூடப் பிடித்தால் பரவாயில்லை, அல்லாஹ் கணக்கில் எடுப்பான். ஒரு நாள் குறைந்தால் யார் கணக்கில்?

சொன்னால் — கதிரை. சொல்லாவிட்டால்?

ஓகஸ்ட் 13

இன்று ஹாஜியாரிடம் போகவில்லை. நாளை.

ஓகஸ்ட் 14

நாளை.

ஓகஸ்ட் 16, சனி

அஸர் தொழுகைக்குப் பின் மக்கீன் ஹாஜியாரைப் பள்ளித் தாழ்வாரத்தில் பிடித்தேன். உதடு காய்ந்து போயிருந்தது, நோன்பினால் மட்டுமல்ல.

"ஹாஜியார், அண்டைக்கு நான் பிறை காணல்ல."

"என்ன?"

"எனக்குக் கண் தெரியாது. உங்கட மொகமும் இப்ப தெரியாது. பழைய பிறை ஒண்ட நெனவுல இருந்து சென்ன."

காகம் கத்தியது. எனக்கு அடி விழுந்தாலும் நல்லது என்றிருந்தது.

"இத ஏன் இண்டைக்கு வந்து செல்லுறீங்க?"

"நாளைக்கு மேகம் மூடினா, முப்பது எண்ணி என்ட வாய நம்பித்தான் பெருநாள் எடுப்பீங்க. அதுக்கு முந்திச் செல்ல வேணும்."

"அத்தின சனத்தயும் வச்சி வெளாடிட்டீங்க நானா." குரல் உடைந்திருந்தது. பிறகு மூச்சு விட்டார். "இதப் பள்ளியில செல்லாம விட ஏலாது."

"செல்லுங்க."

"நாளைக்குப் பின்னேரம் கரைக்கு வாங்க. பாக்க இல்ல. நிக்க."

ஓகஸ்ட் 16, மஃரிப் தொழுகைக்குப் பின்

நான் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. ஷிப்லி கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை.

"இந்தக் கண்ணோடயா தனிய ரம்புக்கனைக்குப் போய் வந்த? ஒருக்காலா, ரெண்டு தரம்? தண்டவாளத்துல வழுகி விழுந்தீந்தா நான் எங்க போய்த் தேடுற?"

"விழல்லயே."

"விழல்லயாம்" என்று றலியாவிடம் சொன்னான், நான் அங்கே இல்லாததுபோல.

தொடங்கிவிட்டது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

போனேன். இஸ்ஸதீன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் யாரோ, "இண்டைக்கு எந்த வருசத்துப் பிறை நானா?" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. இருக்கட்டும். அது எனக்கு வரவேண்டியதுதான்.

கன்னத்தில் சூடு குறைந்தது. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து இடப்பக்கம் ஒருவன் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னான், பிறகு இன்னொருவன், பிறகு கரை முழுதும். இஸ்ஸதீன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். "அங்க நானா, நல்லாத் தெளிவா." எனக்கு அதே வெள்ளைதான். ஏழு பேரைத் தனித்தனியாக ஹாஜியார் விசாரித்தார்.

அப்படியானால் மாதம் இருபத்தொன்பதில் முடிந்தது. நான் ஒரு நாள் முந்தியிருந்தால் இது இருபத்தெட்டாகும், இருபத்தெட்டில் மாதம் முடியாது. யூலையில் அன்று பிறை இருந்திருக்கிறது, மேகத்துக்குப் பின்னால். சனத்தின் நோன்பு ஒன்றும் கெடவில்லை.

தண்டவாளக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இல்லாததைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய்தான். காணாததைக் கண்டேன் என்றவன் நான்தானே.

ஓகஸ்ட் 18

பெருநாள். ஹாஜியார் என்னைக் கட்டிப்பிடித்து முஆனக்கா செய்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். வட்டிலப்பம் நன்றாக இருந்தது. ஏலக்காய் சற்றுக் கூட.

ஓகஸ்ட் 20

வாசலில் செருப்புத் தேடினேன். "எங்க மாமா போறீங்க?" என்றாள் றலியா. உட்கார்ந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 25, திங்கள்

ஷிப்லி அரைநாள் லீவு போட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது வெள்ளை படர்ந்த கண், அந்த வெள்ளையை வெட்டி எடுக்கலாம் என்றார். இடது கண் முதலில். ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தெளிந்துவிடும் என்று சத்தியம் செய்ய ஏலாது, கெட்டும் போகலாம். வரும் புதன்.

திரும்பும்போது பம்பலப்பிட்டியில் பஸ் நெரிசலில் நின்றது. யாரோ முறுக்கு விற்றுக்கொண்டு போனான். மகன் வாங்கி என் கையில் வைத்தான். இருவரும் கடித்துக்கொண்டிருந்தோம்.

"பயமா ஈக்கிது மகன்" என்றேன். அவனிடம் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்கும்தான் வாப்பா" என்றான்.

பஸ் கிளம்பியது. வெள்ளவத்தை வரும்வரை என் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.