கையெடுத்தால் நிற்கணும்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

ரிப்பேருக்குக் கிடப்பவை: அன்னங்கோயில் மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் இரண்டு, ஜிபிஎஸ் ஒன்று. அவற்றோடு இன்று புதிதாக ஒரு ஹாம் ரேடியோ, லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்கிறவர்களுடையது. பழசு, என்னைவிடப் பத்து வயதுதான் இளசாக இருக்கும். கொண்டுவந்தவள் இலக்கியா, சிதம்பரத்தில் வங்கி வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை.

நடுவில் இருக்கும் பெரிய குமிழைத் திருப்பினால் அலைவரிசை நகரவில்லை. ஓர் எண் ஏறுகிறது, உடனே இறங்குகிறது. புதுசு வாங்கிவிடேன் என்றேன்.

"புதுசுல எல்லாம் டச் ஸ்கிரீன்தான்க்கா. கண்ணாடியைத் தடவுனா எனக்கு என்னா தெரியும்?"

பெட்டியைத் திறக்க ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

24-ஆம் தேதி 'நெட்'டை அவள் நடத்த வேண்டுமாம். இன்டர்நெட் இல்லை. ஞாயிறுதோறும் காலை இந்தப் பக்கத்து ஹாம்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள், ஒருவர் கூப்பிட்டு முறை கொடுப்பார். இத்தனை வருஷமும் கடலூர் தங்கராசு சார்தான். இந்தத் தடவை இவள் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "உனக்கு எதுக்கும்மா செரமம்? முடியலன்னா சொல்லு, நானே பாத்துக்கறேன்." நல்ல மனசுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். குமிழின் பின்னால் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு தட்டு சுற்றுகிறது. அதைப் பார்க்க இரண்டு சென்சார். எது முதலில் பார்த்தது என்பதை வைத்துத்தான் வலமா இடமா என்று ரேடியோவுக்குத் தெரியும். ஒன்றின் காலில் ஈயப் பற்று விட்டுப்போய் மயிரிழை விரிசல். மற்றது தனியாக என்ன செய்யும், பாவம்?

பரங்கிப்பேட்டையில் இதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் உண்டா? மச்சானிடம், என் வீட்டுக்காரரிடம்தான், சொன்னேன். கடையில் பாதி அவர் தையல், பாதி என் ரிப்பேர். மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நீ சொல்லிக்காம இருந்தாத்தான், நஸீமா, அதிசயம்."

14, வியாழன்

பற்று வைத்தாயிற்று. காய்ந்து பிசினாகிப்போன பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புது எண்ணெய் விட்டேன். சுண்டினால் பம்பரம்.

16, சனி

சிதம்பரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமிழைத் தொட்டதும் இலக்கியாவின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, கையெடுத்தாலும் ஓடுதே."

"ஸ்மூத்தா ஆக்கியிருக்கேன்மா."

"எனக்கு ஸ்மூத்து வேணாங்க்கா. கையெடுத்தா நிக்கணும். அந்த இறுக்கந்தான் எனக்கு டயலு."

பட்டனை அமுக்கினால் ரேடியோ எண்ணைச் சொல்லும். ஆனால் அந்த நேரம் யாராவது பேசினால் கேட்காது. அதனால் எவ்வளவு திருப்பினால் எங்கே நிற்கும் என்பதைக் கையிலேயே வைத்திருக்கிறாள். அந்த இறுக்கத்தைத்தான் அழுக்கு என்று நான் வழித்துப் போட்டுவிட்டேன்.

"தங்கராசு சாரையே நடத்தச் சொல்லிடறேங்க்கா" என்றாள். விடுவேனா? பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்கக் கோபம் — அவள் மேலா, என் மேலா?

17, ஞாயிறு

கண்டுபிடிச்சது நானு. சரி பண்ணுனது நானு. குத்தம் சொல்லிட்டாளே! — அவ சொன்னதும் நெசந்தான. நானும் அதே குமிழைத்தான திருப்புனேன், எனக்கு ஏன் தெரியல? எண்ணைப் பாத்துக்கிட்டே திருப்புனதாலயா?

19, செவ்வாய்

கெட்டி கிரீஸ் போட்டேன், சூட்டில் இளகிவிட்டது. ரப்பர் வைத்தேன், பிடித்துப் பிடித்து விடுகிறது. கடுப்பில் மச்சானின் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூல்கண்டு குத்தும் கம்பிக்கு அடியில் சிவப்பாக ஒரு கம்பளி வட்டம். கண்டு தானாக ஓடிவிடாமல் இருக்கத்தானே அதை வைத்திருக்கிறார்கள்! நடுவில் ஓட்டைகூட ரெடி. அவர் அஸர் தொழப் போன நேரம், ஓரத்தில் கிடக்கும் பழைய மிஷினிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

21, வியாழன்

இலக்கியா கடைக்கு வந்தாள். குமிழுக்கு அடியில் வட்டத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினேன். "இன்னும் இறுக்கம்... இப்ப லூசு... ஒரு துளி." நானும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். ஓரிடம் வந்ததும் அவள் குமிழை முன்னும் பின்னும் இரண்டு தடவை திருப்பினாள்.

"இது என் ரேடியோக்கா."

ஆட்டோ வரும்வரை குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

24, ஞாயிறு

அவள் வீட்டில், பக்கத்து நாற்காலியில் நான். எனக்கு லைசென்ஸ் இல்லை, ஒலிவாங்கியில் மூச்சு விடக்கூடாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முறை கொடுத்தாள். இடையில் எங்கோ தள்ளி, கொசு மாதிரி ஒரு சத்தம்.

"அது வெறும் எரைச்சல்மா, மேல போ" என்றார் தங்கராசு சார்.

"ஒரு நிமிஷம் சார்."

விரல் நுனியால் துளி திருப்பினாள். கையெடுத்தாள். நின்றது. கொசு, மனுஷக் குரலானது. குமராட்சிக்காரர் ஒருவர், விடிந்ததிலிருந்து கூப்பிடுகிறாராம், ஒருத்தர் காதிலும் விழவில்லையாம். அவரைப் பேசவைத்துவிட்டு ஒரே திருப்பில் பழைய இடத்துக்கு வந்தாள். தங்கராசு சார் குரல் கணீரென்று இருந்தது. எண் சொல்லும் பட்டனை அவள் தொடவே இல்லை.

பெருமை தாங்கவில்லை எனக்கு. கத்தியிருப்பேன், லைசென்ஸ் இல்லாததால் சும்மா இருந்தேன்.

27, புதன்

தங்கராசு சார் கடைக்கு வந்தார், கையில் அவருடைய ரேடியோ. அதில் ஒரு குறையும் இல்லை.

"அந்தப் பொண்ணு ரேடியோவுக்கு என்னமோ பண்ணியிருக்கீங்களாமே? எனக்கும் அதே மாரி வச்சுக் குடுங்கம்மா."

"வைக்கறேன் சார். சரியா இருக்கான்னு இலக்கியாதான் தொட்டுப் பாத்துச் சொல்லணும்."

ரேடியோவை மேசைமேல் வைத்தார். "சரி, ஞாயித்துக்கெழம நெட்டுல கேக்கறேன். இனிமே அவதான நடத்துறா."

அவர் போனதும் மச்சான் பழைய மிஷினில் உட்கார்ந்தார். நூல்கண்டு தறிகெட்டு ஓடுகிறது, அந்தச் சிவப்பு வட்டம் எங்கே என்று கேட்டார்.

சிதம்பரத்தில் இருக்கிறது என்றேன்.