ஏடு விழாத பால்

அக்டோபர் 24, வெள்ளி

கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதுங்கள் என்று பிரஷர் பார்க்கிற டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த வயதில் வீட்டுப்பாடம். இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

முகப்பேர் அடுக்ககத்தில் இரண்டாம் மாடி வீட்டுக்காரம்மா பாலை வாங்கிக்கொண்டே, "வெளியிலதான் மழைன்னு பாத்தா, உங்க கேனுக்குள்ளயும் பெய்யுதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வானகரம் வரைக்கும் வண்டியில் சிரித்துக்கொண்டே வந்து, வாசலில் கேனைப் போட்டேன். என் வீட்டுக்காரி நாகவல்லி எட்டிப் பார்த்தாள். "அந்த கேன் உன்ன இன்னா பண்ணுச்சு?"

கேனுக்குள் மழையாம்! என் மூன்று மாட்டின் மடியிலிருந்து நேராக அவர்கள் பாத்திரத்துக்குப் போகிற பால்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடாமல் மழை. வைக்கோல் பாதி நனைந்துவிட்டது. நல்ல வேளை, கழுநீர் இருக்கிறது.

அந்த அடுக்ககத்துக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு இது: காலையில் பால் ஊற்றுவேன். திரும்பும்போது, கார் நிற்கிற இடத்தில் நான் வைத்திருக்கும் நீல டிரம்மைக் காலி செய்துகொண்டு வருவேன். முப்பத்திரண்டு வீட்டு அரிசி கழுவிய தண்ணீர், பழைய சோறு, காய்த்தோல் எல்லாம் அதில்தான் விழும். ஆயுத பூஜைக்கு முன்னால் அங்கே சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. யாரும் சிங்க்கில் எண்ணெய் கொட்டக் கூடாது என்று சங்கச் செயலாளர் பக்தவத்சலம் உத்தரவு போட்டார். பிறகு எண்ணெய் எங்கே போகும்? என் டிரம்முக்கு வந்தது. தீபாவளிக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். முறுக்கு சுட்டது, அதிரசம் சுட்டது, சிப்ஸ் பொரித்தது எல்லாம் மேலே சிவப்பாக ஒரு விரல் கனத்துக்கு மிதக்கிறது.

மகாலட்சுமி வந்தாள் என்றுதான் நினைத்தேன். வயிறு உப்பினால் மாட்டுக்கு எண்ணெய் புகட்டுவதில்லையா? அது மருந்தென்றால் இது விருந்து. "உள்ள எண்ணெய் போனா வெளிய வெண்ணெய் வரும் மாமே" என்று தேவராஜ் டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் மாடி மங்களம்மாவிடம் கேட்டு இரண்டு பாட்டில் தனியாகவும் வாங்கி வந்தேன்.

அக்டோபர் 29, புதன்

இன்று அவமானம்.

பக்தவத்சலம் கீழே காத்திருந்தார். சுற்றி நாலைந்து பேர். "தயிர் தண்ணியா இருக்கு, காபி நீலமா இருக்கு. என்ன கலக்கறீங்க?" லாக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லார் முன்னாலும் பாலில் விட்டேன். தண்ணீர் கலந்திருந்தால் அது முங்கும். முங்கவில்லை. ஜம்மென்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நானும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அப்ப தண்ணி இல்ல. ஏட்டை வழிச்சு எடுத்துட்டுக் குடுக்கறீங்க."

திருடன் இல்லையென்று நிரூபித்தால் வேறு திருடன் என்கிறார்கள். லாக்டோமீட்டரை உடைக்காமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

நவம்பர் 1, சனி

பாதி வீடு பாக்கெட் பாலுக்குப் போய்விட்டது. தேவராஜும் கேட்டுவிட்டான்: "இன்னா மாமே, வெண்ணெய் வரும்னே, ஒண்ணியும் காணோம்? டீ போட்டா வெந்நீர் மாரி கீது."

நவம்பர் 2, ஞாயிறு

எழுதக்கூட வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அகல்யா அம்பத்தூரில் வேலை செய்கிற கம்பெனியில் இருக்கும் ஒரு பெண் அதே அடுக்ககத்தில் குடியிருக்கிறாள். அவர்கள் வாட்ஸப் குழுவில் என் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் படம் போட்டிருக்கிறார்கள். அகல்யா அதைக் காட்டினாள். காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்பா, கோச்சுக்காத. ஒரே ஒரு தடவ கேக்கறேன். எதுனா எடுத்தியா?"

கேட்டாள். என் பெண். என்னைக் கேட்டாள்.

இன்னா கேள்வி அது? ஊர்ல எவன் வேணா கேக்கலாம். நீ கேப்பியா? திருட்டுப் பால்லயா உன்ன இஞ்சினீயர் ஆக்குனேன்? சோறு வேணாம்னு எழுந்து வந்துட்டேன். நாகவல்லி, "புள்ள கேட்டா பதில் சொல்லேன், அத்த வுட்டுட்டு தட்ட எதுக்குய்யா தள்ற?" என்கிறாள். பதில் சொல்லணுமா? நானா?

பிறகு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. அகல்யாவுக்கு ஏடு என்றால் பேயைக் கண்ட மாதிரி. காபியைச் சின்ன வடிகட்டியில் இரண்டு தரம் வடிகட்டாமல் வாயில் வைக்க மாட்டாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். வடிகட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பாகக் காய்ந்து, தூசு படிந்து.

அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பாலிலேயே ஏடு விழவில்லை, அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஏட்டை யாரோ எடுக்கிறார்கள். யார்?

நவம்பர் 3, திங்கள்

பால் சேகரிக்கிற இடத்தில் மெஷினில் வைத்துப் பார்த்தேன். கொழுப்பு 2.1. நான்குக்குக் குறையாத பால் அது. மெஷினை முறைத்துவிட்டு வந்தேன். வேறு யாரை முறைப்பது?

நவம்பர் 5, புதன்

கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் கிருஷ்ணப்பிரியாவைக் கூட்டி வந்து காட்டினேன். சின்ன வயது, பெரிய கோபக்காரி. எங்கள் மூத்த மாட்டைத் தட்டிப் பார்த்தார். வேலை குறைவு, சத்தம் அதிகம் என்று அகல்யா அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறாள். "இது ஏன் அசையே போடல? என்ன குடுக்கறீங்க?" டிரம்மைக் காட்டினேன். மூடியைத் திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே—

"எண்ணெய் ஊத்தினா வெண்ணெய் வரும்னு எவன் சொன்னது உங்களுக்கு?"

"நான்தாம்மா சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். மாட்டின் முதல் வயிறு மாவு புளிக்கிற பானை மாதிரி. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் உள்ளே குடியிருக்கின்றன. வைக்கோலைத் தின்று புளிக்க வைத்து, காடி மாதிரி ஓர் அமிலமாக்கிக் கொடுப்பது அவைதான். மடி அதை வைத்துத்தான் பாலின் கொழுப்பில் பெரும்பங்கைச் செய்கிறது. எண்ணெய் அளவுக்கு மீறினால் வைக்கோல் மேல் படிந்துவிடும், அந்த உயிர்களும் செத்துப்போகும். வைக்கோல் குறைந்து பழைய சோறு கூடினால் கேட்கவே வேண்டாம், வேறு கூட்டம் பெருகிவிடும். அந்தக் கூட்டம் எண்ணெயை அரைகுறையாக மாற்றி வேறொரு கொழுப்பமிலத்தைச் செய்து ரத்தத்தில் விடும். அது மடிக்குப் போய், "கடையைச் சாத்து" என்று சொல்லிவிடும். கொழுப்பு நின்றுபோகும்.

ஆக, என் மாட்டு வயிற்றுக்குள்ளும் ஒரு சங்கம் இருக்கிறது. அங்கேயும் செயலாளர் மாறிவிட்டார்.

"என்ன எண்ணெய் இது?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு வீட்டு எண்ணெய்மா. எல்லாரும் ஒத்துமையா பண்ண ஒரே காரியம் இதான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சூரியகாந்திதான் நிறைய இருக்கும். அது இன்னும் மோசம். இன்னையோட நிறுத்துங்க. காஞ்ச வைக்கோல் நிறைய போடுங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும்."

என்னையே எனக்கு நாலு அறை விடலாம் போல் இருந்தது. ஏட்டைத் திருடியவன் வெளியே இல்லை. இரண்டு பாட்டில் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தானே, அவன்தான்.

நவம்பர் 6, வியாழன்

பக்தவத்சலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எண்ணெய் சாப்பிட்டா கொழுப்பு குறையுமா? இதை என் கார்டியாலஜிஸ்ட்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவார்."

"சார், நீங்க படிச்சுட்டு அப்டி நெனைச்சீங்க. நான் படிக்காம நெனைச்சேன். மாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். டிரம்மைத் தூக்கி வண்டியில் கட்டினேன். வேண்டுமென்றேதான், சத்தமாக.

மங்களம்மா மட்டும் படியிறங்கி வந்தார். "நான் வடை சுட்ட எண்ணெயும் அதுல இருக்கு ஜம்புலிங்கம். பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. எனக்குப் பால் நிறுத்தாதீங்க."

அகல்யாவிடம் சொல்லவில்லை. நாகவல்லி சொல்லியிருப்பாள். சொல்லட்டும். நான் பேசுவதாக இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

குத்தம்பாக்கம் பக்கம் ஒருவரிடம் காய்ந்த வைக்கோல் கிடைத்தது. மூன்றும் அதைத் தின்ற வேகத்தைப் பார்த்தால், இத்தனை நாளும் நான் போட்டது விருந்தே இல்லை என்று புரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஏடு இன்னும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மேனேஜர் அசை போடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். "இன்னாய்யா, சினிமா பாக்கற மாரி பாக்கற?" என்றாள் நாகவல்லி. அகல்யா சாணி அள்ள வந்தாள். நான் எழுந்து போய்விட்டேன். அவளும் கூப்பிடவில்லை. எல்லாம் அப்பன் பிடிவாதம்.

நவம்பர் 22, சனி

பக்தவத்சலம் போன் செய்தார். குரல் சின்னதாக இருந்தது. டிரம் இல்லாததால் எண்ணெய் பழையபடி சிங்க்குக்குப் போயிருக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டு முதல் மாடிவரை நாறுகிறதாம். "அந்த டிரம்மை மறுபடியும்…" என்று இழுத்தார். "சரியா கேக்கல சார், இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். பிரஷர் நிச்சயம் இறங்கியிருக்கும்.

நவம்பர் 24, திங்கள்

டிரம்மைக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. மேலே மணியான கையெழுத்தில்: "எண்ணெய் இங்கே மட்டும். மாட்டு டிரம்மில் ஊற்றினால் பால் கெடும்." எழுதியது யாரென்று மங்களம்மாவைக் கேட்டேன். கண்ணாலேயே செயலாளர் வீட்டைக் காட்டினார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்று நாளாகவே பால் பாத்திரத்தில் மஞ்சளாகக் கனத்துக்கொண்டு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய் ராசி அப்படி.

காலையில் நாகவல்லி காபி கலந்து வைத்தாள். அகல்யாவின் டம்ளரில் ஏடு ஒரு துணி மாதிரி மிதந்தது. பார்த்த உடனே, "ஐயே! அம்மா, வடிகட்டி எங்க?" என்று கத்தினாள்.

நான் பேப்பரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நாகவல்லி வடிகட்டியைத் தூசு போகக் கழுவிக் கொடுத்தாள். அகல்யா கையில் வாங்கினாள். டம்ளரைப் பார்த்தாள். என் பக்கம் பார்த்தாள். வடிகட்டியைக் கொண்டுபோய் ஆணியிலேயே மாட்டிவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏட்டோடு அப்படியே குடித்தாள். கசாயம் குடிக்கிற குழந்தை மாதிரி முகம் கோணிக்கொண்டது. கடைசிச் சொட்டுவரை வைக்கவில்லை.

மேல் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொடச்சுக்கோ" என்றேன்.