அப்பாவின் சட்டைப்பையில் இருந்த படம்

கட்டைபறிச்சான்,
14.08.1993

அன்புள்ள தம்பி வேலனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் இருந்து வாசி.

சித்திரையில் நீ சுவீடனிலிருந்து ஒரு படம் கீறி அனுப்பினாய். உயிருள்ள எலியின் மூளைக்குள் மயிர் போன்ற குழாயை இறக்கி, அங்கே சுரக்கும் டோபமின் என்ற இரசாயனம் எவ்வளவு என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறாய் என்று விளக்கியிருந்தாய். அது குறைந்ததால்தான் அப்பாவுக்குக் கை நடுங்குகிறதாம். எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்பாவோ படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூதூர்ச் சந்தை முழுக்கக் காட்டித் திரிந்தார். மகன் எலிக்கு வைத்தியம் பார்க்கிறானாம், அவ்வளவு பெருமை.

திங்கட்கிழமை அவருக்கு மருந்து எடுக்கத் திருகோணமலைக்குப் போனோம். படத்தை வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தார். லோஞ்ச் படகால் இறங்கியதும் ஆமிக்காரரின் சோதனையில் அது அகப்பட்டது. குழாய், வயர், பம்ப், பக்கத்தில் இருபது நிமிடக் கணக்கு. குண்டுப் படம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கூட வந்த கடைக்கார ஜெமீல் நானா சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குற்றமில்லாத ஆளுக்கு ஏன் கை இப்படி நடுங்குகிறது என்று திருப்பிக் கேட்டார்களாம்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் இன்றைக்கு ஆறாம் நாள். முகாம் வாசலில் நின்று நின்று, நேற்றுத்தான் பார்க்க விட்டார்கள். நடுக்கத்துக்கு எடுக்கும் குளிசையை உள்ளே விடவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தனியப் பிடிக்க அவரால் ஏலாது. கூட அடைபட்டிருந்த ஒருவர் பருக்கிவிட்டார். எனக்குக் களைத்துவிட்டது தம்பி. அழக்கூட வரவில்லை. முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

உன் பேராசிரியரைக் கொண்டு, முத்திரை குத்தி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடு. அந்தப் படம் என்ன என்பதும், அப்பாவின் நடுக்கம் நோய் வருத்தமே தவிரப் பயமில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். இதை நானா கொழும்புக்குக் கொண்டுபோய்த் தொலைநகலில் அனுப்புவார். பதிலை அதே இலக்கத்துக்கு அனுப்பு. ஒரு நாளும் சுணங்காதே.

உனக்கு அறிவிக்க வேண்டாம், தன் படத்தால் வந்தது என்று நொந்து போவான் என்று அப்பா சொன்னவர். அவர் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். படத்தைத் திருப்பித் தருவார்களா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

கோணேசப் பெருமான் உன்னைக் காக்கட்டும். இனிக் கடிதத்தில் எதுவும் கீறாதே. அப்பா வீட்டுக்கு வரட்டும். நீ வந்து, அவர் பக்கத்தில் இருந்து கீறிக் காட்டு.

உன் அக்கா,
யோகமலர்